தலைமையும் தூய்மையும்



பொதுத்துறையில் ஊழல் என்றதும், எழுத்தரும் ஏவலரும் நீட்டும் கைகளே பலர் கண்முன் தோன்றும். ஆயின் கீழே நீளும் கைக்குத் துணிவு மேலிருந்தே வருகிறது. வேலியே பயிரை மேயும்போது ஆட்டைக் கடிந்து பயனில்லை. இவ்வுண்மையை ஆங்காங் நகரின் வரலாறு நன்கு உணர்த்தும்.

1970களின் தொடக்கத்தில் அந்நகரில் கையூட்டு அன்றாட வழக்கமாய் இருந்தது. நோயாளிக்கு ஒரு குவளை நீர் தரவும் மருத்துவமனைப் பணியாளர் காசு கேட்டனர். காவல்துறைத் தலைமைக் கண்காணிப்பாளர் பீட்டர் காட்பர் 43 இலட்சம் ஆங்காங் டாலருக்குமேல் சேர்த்திருந்தார். அச்செல்வம் வந்த வழியை விளக்குமாறு கேட்கப்பட்டதும், 1973 சூன் திங்களில் அவர் இலண்டனுக்குத் தப்பினார். ஊழலை ஆராயும் பிரிவோ அதே காவல்துறைக்குள் இருந்தது! மக்கள் கொதித்தெழுந்தனர்.

ஆளுநர் மெக்லகோசு அப்பிரிவைச் செப்பனிட்டு அமையவில்லை. 1974 பிப்ரவரி 15இல், காவல்துறைக்குக் கட்டுப்படாததும் ஆளுநருக்கே நேரடியாகப் பொறுப்புடையதுமான தனி ஆணையத்தை நிறுவினார். காட்பர் 1975இல் திரும்பக் கொணரப்பட்டு நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உயர்பதவி இனிக் கேடயமாகாது என்பதை ஊரறிந்தது.

தண்டனையோடு பணி முடியவில்லை. ஆணையத்திற்கு மூன்று கிளைகள்: ஒன்று குற்றத்தைப் புலனாய்ந்தது, ஒன்று அரசுத் துறைகளின் நடைமுறைகளை ஆராய்ந்து ஊழலுக்கு இடந்தரும் ஓட்டைகளை அடைத்தது, மற்றொன்று மக்களுக்கு அறிவூட்டியது. தலைவர்கள் ஊன்றிக் கற்க வேண்டியது இரண்டாவதையே. காலத்தாழ்வு, தெளிவற்ற விதி, ஒருவர் விருப்பத்திற்கே விடப்பட்ட முடிவு ஆகிய மூன்றிலுமே கையூட்டு குடிகொள்கிறது.

வழி எளிதாக இருந்ததில்லை. 1977 அக்டோபரில் காவலர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். சிலர் ஆணைய அலுவலகத்துள் புகுந்து தாக்கினர். 1977 சனவரிக்கு முற்பட்ட குற்றங்களுள் பெரும்பாலானவற்றைத் தொடர்வதில்லை என்று ஆளுநர் நவம்பரில் இறங்கிவர நேர்ந்தது. அது அறத்திற்கு இழுக்கா, ஆட்சித் தெளிவா? இரண்டும் கலந்தது எனலே நேர்மை. ஆனால் ஆணையம் கலைக்கப்படவில்லை. பழங்கணக்கில் விட்டுக்கொடுத்தவர், வருங்காலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1997இல் ஆட்சி கைமாறிய பின்னும் ஆணையம் நின்றது. தலைமைச் செயலாளராக விளங்கிய ரஃபேல் ஊய் 2014இல் ஏழரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

வினை செய்வான் கோணாதிருக்கின்றானா என்பதை வேந்தன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்பது 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தின் இறுதிக் குறள் தரும் கருத்து. ஆண்டுக்கொருமுறை எடுக்கும் உறுதிமொழி அதற்கு ஈடாகாது. தம் சொத்துக் கணக்கை முதலில் திறந்துகாட்டுவதும், விசாரிப்போரை விசாரிக்கப்படுவோரின் பிடியிலிருந்து விடுவிப்பதும், முறையிடுவோரைக் காப்பதும், நடைமுறையைச் சுருக்குவதுமே தலைவரின் நாட்கடமை. உச்சியில் ஊற்று தெளிந்தால், வாய்க்கால் தெளிய வழி பிறக்கும்.