மீன் தொட்டியில் கடற்சங்கு



கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த சங்குகளையும் சோழிகளையும் தம் வீட்டு மீன் தொட்டியில் அழகுக்காக இடலாமா என்று கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். தொட்டியில் உள்ளவையோ நன்னீர் மீன்கள். கடற்பொருளாதலின் உப்புக் கரைந்து மீன்களுக்குத் தீங்கு வருமோ என்பது அவருடைய அச்சம். உப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை. நாலைந்து முறை நன்னீரில் ஊறவைத்து அலசினால் அது நீங்கிவிடும். சுண்ணாம்பைப் பற்றித்தான் சிந்திக்க வேண்டும்.

கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நம்மவர்க்குப் பழந்தொழில். வீட்டுச் சுவரில் பூசியதும் வெற்றிலையில் தடவியதும் அச்சுண்ணாம்பே. சங்கு, சோழி, சிப்பி ஆகிய எல்லாவற்றிலும் 100-க்கு 95 பங்கு அளவில் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணப் பொருளே இருக்கிறது. ஐயமிருப்பின் உடைந்த சிப்பி ஒன்றன்மீது காடியை, அதாவது வினிகரை, சில துளி விட்டுப் பாருங்கள். நுரைத்துக் குமிழியிடும். அக்குமிழிகளில் இருப்பது கரியமில வாயு.

மீன் தொட்டியில் காடி ஏது என்று கேட்பீர்கள். காடி இல்லை, ஆயினும் அமிலம் உண்டு. மீன்கள் மூச்சுவிடுகையில் வெளிப்படும் கரியமில வாயு நீரில் கரைந்து மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. அது சங்கைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. வாரங்கள் செல்லச் செல்ல மென்னீர் கடின நீராகும், அதன் பி.எச். எண்ணும் ஏறும். 1909-இல் டென்மார்க் நாட்டு வேதியியலார் சோரன்சன் வகுத்த அளவு அது. 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.

இவ்வேற்றம் எல்லா மீன்களையும் ஒன்றுபோல் வருத்துவதில்லை. நீலமும் சிவப்புமாக ஒளிரும் நியான் டெட்ரா, அமேசான் பகுதி ஓடைகளுக்கு உரியது. இலைச் சருகுகள் ஊறித் தேயிலைச் சாறு போல் நிறமேறிய அமில மென்னீர் அதன் தாயகம். பண்ணையில் வளர்ந்தவை பிறவகை நீரையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆயினும் அவற்றின் முட்டைகள் நன்கு பொரிப்பதற்கு மென்னீரே வேண்டும். கப்பி, மோலி ஆகியவற்றுக்கோ கடின நீரே உகந்தது. அவற்றின் தொட்டியில் இரண்டொரு சங்கு கிடப்பதால் குறையொன்றுமில்லை.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது அம்மோனியா. மீன்கள் கழிவாக வெளியிடும் இப்பொருள் நீரில் இரு வடிவங்களில் நிற்கிறது. ஒன்று அவ்வளவு தீங்கற்றது. மற்றது கொடிய நஞ்சு. 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆயின், நஞ்சு வடிவம் 100-இல் 1 பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் அது 5 பங்குக்கு மேல். கழிவின் அளவு சிறிதும் கூடவில்லை. நீர் மாறியதால் நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்காகிவிட்டது! சங்கை இட்டதால் மீன் செத்தது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நெருக்கமான தொட்டியும் அளவு மீறிய தீனியும் அதற்கு உடந்தை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டு நீர் எத்தகையது? கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெண்படலம் படிகிறதென்றால் அதில் முன்னமே சுண்ணாம்பு மிகுதி. அத்தகைய நீரில் சங்கு எளிதில் கரையாது. இட்டும் இடாதது போலத்தான். மழை நீரோ, இந்நாளில் வீடுதோறும் வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்து நீரோ ஆனால் சங்கின் வேலை நன்கு தெரியும். மீன் விற்கும் கடைகளில் சோதனைத் தாள் கிடைக்கும். ஒரு வாளி நீரில் சங்கையிட்டு இரண்டு வாரம் வைத்திருந்து, முன்னும் பின்னும் சோதித்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

சுருளின் உள்ளே செத்த உயிரின் தசை ஒட்டியிருத்தலும் உண்டு. அது அழுகினால் முன்சொன்ன அம்மோனியாதான். எனவே நன்றாக வேகவைத்துக் கழுவுக. மெருகெண்ணெய் பூசிய கடைச் சங்கு வேண்டா. கடற்கரையில் பொறுக்குவோர் உள்ளே துறவி நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்து எடுப்பது நன்று. சில கடற்சங்கு இனங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன, அவற்றைத் தொடலாகாது.

சங்கை அலங்காரம் என்றே இதுவரை பேசினோம். அதை வீடாகக் கொண்ட நன்னீர் மீன்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா ஏரியடியில் நத்தை ஓடுகள் பரந்து கிடக்கின்றன. அங்கே விரலளவே உள்ள சிக்லிட் மீன்கள் சில அவ்வோடுகளில் குடியிருக்கின்றன, முட்டையிடுவதும் அவற்றுள்ளேதான். ஒருவகை மீன், மணலைத் தோண்டி ஓட்டைப் புதைத்து, வாயில் மட்டும் வெளியே தெரியுமாறு அமைத்துக்கொள்கிறது. அந்த ஏரியின் நீரோ பி.எச். 9-ஐ ஒட்டிய காரநீர்; ஓடு கரையுமோ என்ற கவலை அம்மீன்களுக்கு இல்லை. அவற்றை வளர்ப்போர் கடற்சங்கைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் வயல் வரப்பில் கிடக்கும் நத்தைக் கூடு போதும். ஆளுக்கொன்று என்ற கணக்கில் இட்டால் சண்டை குறையும்.