சொப்பனத்தில் கண்ட ஹோட்டல்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்குச் சிரிப்பாயிருக்கலாம். சொப்பனத்தில் ஹோட்டலைக் கண்டால் என்ன பலன் என்பதே அது. ஆனால் பலன் சொல்லிப் பணம் வாங்குகிறவன் சிரிப்பதில்லை. அதைக் கேட்டு நடுங்குகிறவனும் சிரிப்பதில்லை. ஆதலால் இரண்டு புஸ்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிடோரஸ் என்பவர் கிரேக்க பாஷையில் ஐந்து பாகமாக எழுதியது. இவர் இன்றைய துருக்கி தேசப் பக்கத்தவர். ஊர் ஊராய் அலைந்து, சந்தையில் குறி சொல்லுகிறவர்களையெல்லாம் விசாரித்து எழுதினவர். உழைப்பாளி என்பதில் நமக்கு ஆக்ஷேபணையில்லை. அவர் சொல்லுவதென்ன? நோயாளியின் சொப்பனத்தில் சத்திரக்காரன் வந்தால் சாவு. ஏனென்றால், சத்திரக்காரனும் சாவும் வருகிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளுகிறவர்களாம்! மற்றவர்களுக்கு அலைச்சலும் கஷ்டமுமாம்.

மற்றொன்று, 1901-ல் அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்து வியாபாரி மில்லர் என்பவர் வெளியிட்டது. அதன்படி ஹோட்டலில் வசிப்பதாகக் கண்டால் சுகமும் லாபமும். நல்ல ஹோட்டலைக் கண்டால் செல்வமும் பிரயாணமும். ஹோட்டல் முதலாளியாகக் கண்டால் ஐசுவரியம். ஹோட்டலில் வேலை செய்வதாகக் கண்டவனுக்கு மாத்திரம், இதைவிட நல்ல சம்பளத்துக்கு வேறு வேலை கிடைக்கக்கூடும் என்று ஒரு வார்த்தை. (சொப்பனத்தில்கூட முதலாளிக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசம் போகவில்லை, பாருங்கள்.)

ஒரே பொருளுக்கு அங்கே சாவு, இங்கே லாபம். சாஸ்திரம் உண்மையானால் இப்படி இருக்குமா? காரணம் மிகச் சாதாரணமானது. ரோம ராஜ்ஜியத்துச் சத்திரம் அழுக்கும் திருட்டும் நிறைந்த இடமென்று பெயரெடுத்தது. தங்கினவன் சாமான் போனால் சத்திரக்காரனே உத்தரவாதி என்று ரோமர் சட்டம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அவன் யோக்கியதையை நாம் விவரிக்க வேண்டியதில்லை. மில்லர் காலமோ, நியூயார்க்கில் 1893-ல் வால்டார்ப் ஹோட்டல் திறந்து, பணக்காரர்கள் தங்கள் பவிஷைக் காட்டிக்கொள்ள அங்கே போய் உட்கார்ந்த காலம். ஆகவே பலன் சொப்பனத்திலிருந்து வரவில்லை. விழித்திருக்கும்போது கண்ட கட்டடத்திலிருந்து வந்தது.

நம் நாட்டிலோ ஹோட்டல் என்றால் பெரும்பாலோருக்குச் சாப்பிடுமிடம். பசியோடு படுத்தவன் இட்லியும் காப்பியும் கண்டதற்கு, மில்லர் புஸ்தகத்தைப் புரட்டி, "தூர தேசப் பிரயாணம்" என்று பலன் சொன்னால் அவன் வயிறு என்ன சொல்லும்?

1899-ல் சொப்பனத்தைப் பற்றிப் பெரிய புஸ்தகம் வெளியிட்ட பிராய்டுகூட, வீடு என்றால் உடம்பு என்பதுபோன்ற சில அர்த்தங்களை ஒப்புக்கொண்டாரேயொழிய, முக்கியமாய்க் கண்டவனையே பேசச் சொல்லிக் கேட்டார். 1953-ல் சிக்காகோ சர்வகலாசாலையில், தூங்குகிறவன் மூடின இமைக்குள் விழி வேகமாய் ஓடும் சமயத்தில் எழுப்பிக் கேட்டார்கள். பெரும்பாலும் சொப்பனம் கண்டதாகவே சொன்னார்கள். மூளை செய்யும் வேலை அது. வெளியிலிருந்து யாரும் சேதி அனுப்பவில்லை.

இன்னொன்று யோசியுங்கள். 1941 வரை தென்னாட்டு ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணாளுக்கு ஓரிடம், இதராளுக்கு ஓரிடம். கிளர்ச்சி செய்த பிறகே அது ஒழிந்தது. 1950-ல் அமலான அரசியல் சட்டம் ஹோட்டலுக்குள் போக ஜாதி தடையாகக் கூடாது என்றது. அதன் பிறகும் 1957-ல் "பிராமணாள்" என்ற போர்டை எடுக்கச் சொல்லித் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் வாசலில் மறியல் நடந்தது. அந்தக் காலத்தில் "இதராள்" ஒருவன், தான் உள்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாகச் சொப்பனம் கண்டிருந்தால், அதற்குப் பலன் கேட்க எந்தச் சாஸ்திரியிடம் போக வேண்டும்? வாசலில் தொங்கின போர்டைப் படித்தால் போதாதா?

ஆனாலும் நமக்குக் கவலையெல்லாம் அந்த நோயாளியைப் பற்றித்தான். ஜுரத்தில் கிடப்பவன் சத்திரத்தைக் கண்டதாகச் சொன்னதும் வீட்டார் முகம் மாறி, பரிகாரத்துக்குப் பணம் தேடி ஓடுகிறார்கள். அவன் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறான். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால், ஜுரம் எத்தனை டிகிரி என்று பாருங்கள். பரிகாரத்துக்கு எடுத்த பணத்தை வைத்தியருக்குக் கொடுங்கள்.