மூப்பிலும் கல்வி



கல்வி உத்தியோகத்திற்கு மட்டுமன்று. முதுமையில் மூளைக்கும் அது காப்பாகும். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனார், எண்பது வயதை ஒட்டி, 1939இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார்.

ஐதராபாத்தில் மறதிநோயாளர் 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு, இருமொழி பேசுவோர்க்கு அந்நோய் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியதைக் காட்டிற்று. எழுத்தறியாதாரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. பள்ளி மறுக்கப்பட்டும் தமிழும் தெலுங்கும் பேசும் தாய்மார் நம் வட்டாரத்தில் எத்தனை பேர்! அவர்களை அறிவிலார் என்பது பிழை.

காக்களூர்த் தொழிற்பேட்டையில் உழைத்துத் திரும்பும் இளைஞர்களே! நாள்தோறும் அரைமணி நேரம் பாட்டிக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுங்கள், அவர் கருத்தைக் கேளுங்கள், எழுத்தும் கற்பியுங்கள். நோயை இது முற்றும் தடுக்கும் என்று கூறேன், தள்ளிப்போடலாம். மறுக்கப்பட்ட கல்வியை எந்த வயதிலும் மீட்கலாம்.