சுகர் நம்ம ரத்தத்துலயே இருக்கா?

இன்னிக்கு எபிசோடை திருவொற்றியூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து பதிவு பண்றேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

எங்க நைனா ஹார்பர்ல வேலை பார்த்தவர். அவருக்கு சுகர். ஆயாவுக்கும் இருந்தது. "நீயும் ஒரு வாட்டி டெஸ்ட் எடுத்துடுடா"ன்னு அம்மா சொன்னப்போ நைனா சிரிச்சார். "எதுக்கு? நம்ம ரத்தத்துலயே இருக்குது. வரும்போது வரட்டும்." அது உண்மையான்னு தேட ஆரம்பிச்சேன்.

தேடும்போது கிடைச்சதுதான் எஸ்எல்சி30ஏ8 என்ற மரபணு. கணையத்துல இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்கள்ல இது வேலை செய்யுது. துத்தநாகத்தை, அதாவது ஜிங்க்கை, இன்சுலின் இருக்கிற குட்டிப் பைகளுக்குள்ள ஏத்துற ஒரு புரதத்தை இது உருவாக்குது. ஹார்பர் பாஷையில சொன்னா, சரக்கு ஏத்துற கிரேன். ஆறு இன்சுலின் மூலக்கூறுகளை ரெண்டு ஜிங்க் அயனிகள் சேர்த்துக் கட்டி வைக்கும். ரத்தத்துல சர்க்கரை ஏறினதும் பை திறக்கும், கட்டு அவிழும், இன்சுலின் வேலைக்குக் கிளம்பும்.

இந்த மரபணுவுல பரவலா இருக்கிற ஒரு சின்ன மாற்றத்துக்கும் டைப் 2 சர்க்கரை நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு 2007ல கண்டுபிடிச்சாங்க. ஆனா அதனால கூடுற ஆபத்து கொஞ்சம்தான். கிரேன் பழுதானா சுகர் நிச்சயம்னுதான் பலரும் நினைச்சாங்க. 2014ல சுமார் 1,50,000 பேரை ஆராய்ஞ்சப்போ நேர்மாறா வந்தது. இந்த மரபணுவோட ஒரு பிரதி செயலிழந்தவங்களுக்கு ஆபத்து சுமார் 65 சதவீதம் குறைவு!

உடனே ஜிங்க் மாத்திரை வாங்க ஓடாதீங்க. இந்த ஆய்வு அப்படிச் சொல்லல. இது சொல்றது வேற. ஒரு மரபணுவை வச்சு யார் தலையெழுத்தையும் படிக்க முடியாது. டைப் 2 சுகருக்குப் பின்னாடி நூத்துக்கணக்கான மரபணு மாற்றங்கள் இருக்கு. கூடவே சாப்பாடு, தூக்கம், உடல் உழைப்பு, எடை.

நம்ம ஏரியாவுக்கும் இதுல ஒரு சரித்திரம் உண்டு. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948ல ஸ்டான்லியில சர்க்கரை நோய்க்குன்னே தனி கிளினிக் தொடங்கினார். 1954ல ராயபுரத்துல ஒரு மருத்துவமனையே தொடங்கினார். இருந்தும் 2023ல வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நாட்டுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய்.

நான் டெஸ்ட் எடுத்தேன். மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி 6.0 வந்தது. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் நோய்க்கு முந்தின கட்டம். இங்கேயிருந்து திரும்பி வரவும் வழி இருக்கு.

ரிப்போர்ட்டைப் பார்த்த நைனா ஒண்ணும் பேசல. மறுநாள் விடியக்காலை கதவைத் தட்டினார். "எழுந்துரு, நடந்துட்டு வரலாம்."

வீட்டுல யாருக்காவது சுகர் இருந்தா, 'வரும்போது வரட்டும்'னு விட்டுடாதீங்க. இந்த வாரமே ஒரு டெஸ்ட் எடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.