றால் வளர்க்க முதலில் தண்ணியைப் பாருங்கோ

(திரியாய்க்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களிடம் ஆற்றிய உரை)



காலையில் கரையில் விளையாடிய பிள்ளைகள் போத்தலில் றால் குஞ்சு பிடித்து வைத்திருப்பதைக் கண்டேன். லயத்துக்குக் கொண்டுபோய் வளர்க்கப் போகிறார்களாம். ஆசை நல்லதுதான். ஆனால் இது உப்புத் தண்ணியில் வாழ்கிற உயிர். பீலித் தண்ணியில் விட்டால் தாங்காது.

வீட்டில் வளர்க்க நன்னீர் றால் இருக்கிறது. மீன்தொட்டிக் கடைகளில் 'செரி றால்' என்று விற்பார்கள். தைவான், சீனா ஓடைகளைச் சேர்ந்தது. சிவப்பு நிறம், ஓர் அங்குல நீளம், ஒன்றிரண்டு வருட ஆயுள்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டக் குடும்பம் இப்படிப் பத்து றால் வாங்கியது. இரண்டு மாதம் நன்றாக இருந்தது. ஒரு நாள் பின்னேரம் தகப்பன் மலையில் மருந்து அடித்துவிட்டு வந்து, அதே கையோடு தொட்டித் தண்ணியை மாற்றினார். விடியப் பார்த்தால் பத்தும் செத்துக் கிடந்தன. நோய் என்று நினைத்தார்கள். நோய் இல்லை, செம்பு.

இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் 1946இல் வந்தது. அன்றுமுதல் மழைக்காலத்தில் அதற்குச் செம்பு கலந்த மருந்துதான் பெரும்பாலும் அடிக்கிறார்கள். றாலின் இரத்தத்திலேயே கொஞ்சம் செம்பு உண்டு. ஆனால் தண்ணியில் அது சற்றுக் கூடினாலும் செவுள் கெட்டுச் செத்துவிடும். ஆகவே, மருந்து அடித்தவர் குளித்து உடுப்பு மாற்றாமல் தொட்டியில் கை வைக்கக்கூடாது. செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் தண்ணி எடுக்கவும் வேண்டாம். மீனுக்கு விடும் சில மருந்திலும் செம்பு இருக்கிறது, கேட்டு வாங்குங்கோ. நுளம்புக்கு அடிக்கும் மருந்தும் ஆகாது.

இனி வளர்க்கும் முறை. தொட்டியில் தண்ணி விட்ட அன்றே றாலை விடாதீங்கோ. மணல், பாசி, கொஞ்சம் செடி போட்டு, ஸ்பொஞ்சு வடியை ஓடவிட்டு, மீன் தீனி ஒரு சிட்டிகை போட்டு ஒரு மாதம் வையுங்கோ. கழிவின் நஞ்சை மாற்றும் நல்ல கிருமிகள் அதற்குள் உண்டாகும். குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கோ. கிழமைக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். முழுவதையும் மாற்றுவது கூடாது. பனிக்காலத்தில் தொட்டியை யன்னலோரம் வைக்க வேண்டாம்.

தீனி கொஞ்சமாகக் கொடுங்கோ. அவித்த கீரை ஒரு துண்டு போதும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கோ. அழுகினால் தண்ணி நஞ்சாகும். வெற்று ஓடு கிடந்தால் றால் செத்ததென்று பயப்படாதீங்கோ. அது வளர வளரச் சட்டை கழற்றும். அந்த ஓட்டை எடுக்காமல் விட்டால் சுண்ணாம்புச் சத்துக்காகத் தானே தின்னும். தாய் றால் வயிற்றுக்குக் கீழே முட்டை சுமக்கும். மூன்று நான்கு கிழமையில் குஞ்சு பொரிக்கும். பெரிய மீன் இருந்தால் ஒரு குஞ்சும் மிஞ்சாது.

வளர்த்த றாலை ஓடையில் கொட்டாதீங்கோ. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத றால் இனம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு றாலை நம் ஓடைகளில் விட்டால் இப்படிப்பட்ட சொந்த உயிர்களுக்குத்தான் கேடு.

கடைசியாக ஒன்று, ஐயாமாரே. தொட்டியில் விழுந்த மருந்து பத்து றாலைத்தான் கொன்றது. மருந்து பம்பை ஓடையில் கழுவினால் அது கீழே இருக்கும் லயத்துக்கும் போகும். அங்கே தாய்மார் குடத்தில் பிடிப்பது அந்தத் தண்ணியைத்தான். பம்பைப் பீலிக்கும் ஓடைக்கும் தூரத்தில் கழுவுங்கோ. பிள்ளையைத் தூக்குமுன் குளியுங்கோ.

பிள்ளைகளே, போத்தலை எடுங்கோ. கரைக்குப் போய் அந்தக் குஞ்சுகளை விட்டுவிட்டு வருவோம்.