அழிக்குமுன் அறிக

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த லினக்ஸைப் புதிதாகப் பயில்வோர், கட்டளைத் திரையைக் கண்டு அஞ்சுவதுண்டு. அச்சம் வேண்டா, நிதானமே வேண்டும்.

ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் 'பீ டபிள்யூ டீ' எனத் தட்டினால், நாம் நிற்கும் கோப்புறை எதுவெனத் தெரியும். 'எல் எஸ்' அங்குள்ள கோப்புகளைக் காட்டும். 'ஆர் எம்' என்பதோ, பின்னால் பெயர் குறித்த கோப்பை அழிக்கும். பெரும்பாலும் கேளாமலே அழிக்கும். குப்பைத் தொட்டியிலும் இட்டுவையாது. ஆண்டுக்கணக்கிற் சேர்த்த குடும்பப் படங்களும் நொடியில் மறைந்துபோகலாம். ஆதலால், 'ஆர் எம்' எழுதி, இடைவெளி விட்டு, சிறுகோடும் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்து, அதன்பின் கோப்பின் பெயரை இடுங்கள். அழிக்குமுன் அது உங்கள் இசைவைக் கேட்கும்.

முதலில் இடமறிதல், அடுத்துப் பொருளறிதல், இறுதியிலேயே அழித்தல், இம்முறையைக் கைக்கொள்வீர்களாக.