தாயின் மரணம் விதியன்று!



பிள்ளைப்பேற்றிலே தாயொருத்தி மாண்டால் ‘விதி’ என்று கூறி ஆறுதலடைவது நம்மவர் வழக்கம். விதியன்று என்பதை இந்நாடே நிரூபித்திருக்கின்றது. 1930ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புக்களுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மடிந்தனர். 2015ஆம் ஆண்டளவில் அத்தொகை 40க்கும் கீழே இறங்கிற்று.

இம்மாற்றம் எவ்வாறு வந்தது? 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், வீடு தேடி வரும் மருத்துவமாதும், இலவச வைத்தியமும், பெண்கல்வியும் வழி சமைத்தன. அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1985 முதல் ஒவ்வொரு தாயின் மரணமும் கட்டாயம் அறிவிக்கப்படல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி இறந்தவள் இல்லத்துக்கே சென்று விசாரிக்கின்றார். ஆஸ்பத்திரியார் தம் பங்கை ஆராய்கின்றனர். பின்னர் எல்லோரும் ஒன்றாயமர்ந்து, வண்டி பிந்தியதா, இரத்தம் கிடைக்கவில்லையா, அபாயத்தை உணரத் தவறினோமா என்று வினவுகின்றனர். குற்றவாளியைத் தேடுவதன்று நோக்கம். அடுத்த தாயைக் காப்பதே நோக்கம்.

உழவர்களே, உங்களுக்கு இது புதிதன்று. வாய்க்காலில் உடைப்பெடுத்தால் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டா நிற்கின்றீர்கள்? மண்வெட்டியோடு ஊரே திரண்டு அடைக்கின்றதன்றோ!

ஆனால், கண்டியைச் சூழ்ந்த மலைகளை நோக்குங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை இங்கேதான் இருக்கின்றது. தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் வாழும் நம் சகோதரிகளின் நலம் நெடுங்காலம் தோட்டத்துரைமாரின் தயவிலே தங்கியிருந்தது. இன்றும் லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வரும் பாதை கடினமானது. தமிழறிந்த மருத்துவமாதரோ போதாது. மனைவியை இழந்தவன் தன் துயரைத் தமிழிற் சொல்ல, அதைக் கேட்டெழுத ஆளில்லையேல் விசாரணை எங்ஙனம் முழுமை பெறும்? 1987இல் தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அவ்வெழுத்து லயத்து வாசலுக்கும் வருதல் வேண்டாமா?

ஆதலின் நாம் கேட்பவை மூன்று. தோட்டப் பகுதிகளுக்குத் தமிழறிந்த மருத்துவமாதரை நியமித்தல் வேண்டும். விசாரணைகள் குடும்பத்தின் மொழியிலே நடைபெறல் வேண்டும். கண்டறிந்த குறை நீங்கியதா என்பதைத் தோட்ட நிருவாகமும் தொழிலாளரும் வைத்தியரும் கூடி மீண்டும் பார்த்தல் வேண்டும்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. கற்றோரே, உங்கள் பெண்மக்களை இப்பணிக்கு அனுப்புங்கள். தோட்டத்துத் தோழர்களே, கருவுற்றவளை முதல் மாதங்களிலேயே பதிவு செய்யுங்கள். ஓர் உயிர் போனபின் கூடி அழுவதிலும், போகுமுன் கூடி உழைப்பதே நமக்குப் பெருமை!